டிஸ்க்கில் இடம் இருக்கிறது, ஆனாலும் ‘இடமில்லை’ என்கிறது: அலுவலக என்ஏஎஸ் தலையில் விழுந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சின்ன அலுவலகங்களில் என்ஏஎஸ் பெட்டிக்கு, அதாவது எல்லோரும் நெட்வேர்க் வழியாக ஃபைல் சேமிக்கும் டிஸ்க் பெட்டிக்கு, பொறுப்பாளர் என்று யாரையும் நியமிப்பதில்லை. “உமக்குத்தானே கம்பியூட்டர் தெரியும்” என்று சொல்லி ஒருவர் தலையில் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வெள்ளவத்தையில் ஒரு கணக்காளர் அலுவலகத்தின் பெட்டியோடு நான் மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டவை இவை. பெட்டியில் பாதிக்கு மேல் காலி. ஆனாலும் கிழமைக்கு ஒரு தடவையாவது யாராவது ஒருவரின் திரையில் ‘டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்று வரும்.

அந்தச் செய்தியை அப்படியே நம்பாதீர்கள். ஏதோ ஒரு புரோகிராம் எழுதப் போயிருக்கிறது, ‘முடியாது’ என்று பதில் வந்திருக்கிறது, அவ்வளவுதான் அதிலிருந்து தெரிவது. முடியாது என்றது யார், எந்த வரம்பு தட்டியது என்று கண்டுபிடிக்கும்வரை எதையும் அழிக்க வேண்டாம், பம்பலப்பிட்டிக்கு ஓடிப்போய்ப் புது டிஸ்க் வாங்கவும் வேண்டாம். கீழே உள்ளவற்றில் 8 ஆம் படி வரை ஒரு சதமும் செலவில்லை.

தொடங்குமுன் மூன்று விஷயங்கள் கையில் இருக்கட்டும்: பெட்டியின் நிர்வாகி பாஸ்வேர்ட், எஸ்எஸ்எச் (வேறு கம்பியூட்டரிலிருந்து பெட்டிக்குக் கட்டளை அடிக்கும் முறை) வழியாக உள்ளே போகும் அனுமதி, ஒரு சீ.ஆர். கொப்பி. கொப்பி எதற்கு என்று முதல் படியிலேயே தெரியும். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

1. செய்தியை எழுத்துக்கு எழுத்து எடுங்கள்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

“அக்கா, என்ன எழுதியிருந்தது?”

“இடம் இல்லையாம் தம்பி. ஓகே அமத்திட்டன்.”

இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. செய்தி வந்தால் ஓகே அமத்த முதல் போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லி எல்லோருக்கும் பழக்குங்கள். கொப்பியில் நேரம், யாருடைய லொகின், எந்த ஃபோல்டர், ஃபைல் எவ்வளவு பெரிது, எந்தப் புரோகிராம் என்று ஐந்தையும் எழுதுங்கள். நாலைந்து பதிவு சேர்ந்தாலே பாதி விடை தெரிந்துவிடும். ஒரே ஆளுக்குத்தான் வருகிறதா, ஒரே நேரத்தில்தான் வருகிறதா, ஒரே புரோகிராமில்தான் வருகிறதா என்று பார்த்தவுடன் பிடிபடும்.

வாசகத்தில் என்ன வித்தியாசம் என்றால், லினக்ஸ் (பெரும்பாலான பெட்டிகளுக்குள் ஓடும் இயக்க மென்பொருள்) பக்கம் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வந்தால் அது 28 ஆம் இலக்கப் பிழை. ‘டிஸ்க் கோட்டா எக்ஸீடட்’ என்றால் 122. அது டிஸ்க் நிரம்பியதல்ல, ஆளுக்கு ஒதுக்கிய பங்கு முடிந்தது. அப்படியானால் நேரே 3 ஆம் படிக்குப் போங்கள்.

இன்னொன்று, பெட்டிக்குப் பதிலாக ஒரு விண்டோஸ் கம்பியூட்டரையே சேர்வராக வைத்திருக்கும் இடங்களில் வருவது: ‘நொட் இனஃப் சேர்வர் ஸ்டோரேஜ் இஸ் அவைலபிள் டு ப்ரொசெஸ் திஸ் கமாண்ட்’. ‘ஸ்டோரேஜ்’ என்றவுடன் எல்லோரும் டிஸ்க்கைப் பார்ப்பார்கள். இதற்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை. சேர்வராக இருக்கும் கம்பியூட்டரின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் இடம்), லான்மேன்சேர்வர் என்ற சேவையின் பராமீட்டர்ஸ் பகுதியில் ‘ஐஆர்பி ஸ்டாக் சைஸ்’ (இடைவெளி விடாமல் IRPStackSize) என்ற மதிப்பு போதாமல் இருக்கும். வழக்கமான மதிப்பு 15, அதிகபட்சம் 50. அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லாவிட்டால் 32 பிட் எண்ணாக நீங்களே உருவாக்கலாம். மூன்று மூன்றாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். மாற்றுமுன் ரெஜிஸ்ட்ரியை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

2. நிரம்பியது யாருடைய டிஸ்க்?

பெட்டியைத் தொடுமுன் செய்தி வந்த கம்பியூட்டரின் சி டிரைவைப் பாருங்கள். பல புரோகிராம்கள் நெட்வேர்க் ஃபோல்டரில் சேமிக்கச் சொன்னாலும் முதலில் உள்ளூர் டெம்ப் ஃபோல்டரில்தான் எழுதும். 128 ஜிபி எஸ்எஸ்டி போட்ட பழைய லப்டொப்பில் சி டிரைவ் சிவப்பாக இருக்கும், பழி மட்டும் என்ஏஎஸ்ஸுக்கு வரும்.

பிறகு மூன்று சின்னச் சோதனைகள். அதே ஆள், அதே ஃபோல்டர், அதே கம்பியூட்டரிலிருந்து நோட்பேட்டில் ஒரு வரி எழுதிச் சேமிக்க வேண்டும். அதே ஆள் வேறு கம்பியூட்டரில். வேறு ஆள் அதே கம்பியூட்டரில். பத்து நிமிட வேலைதான். நோட்பேட் எழுதுகிறது, கணக்கு மென்பொருள் மட்டும் மறுக்கிறது என்றால் 7 ஆம் படியைப் பாருங்கள். ஆள் மாறினால் பிரச்சினை போய்விடுகிறது என்றால் அடுத்த படி. யார் எழுதினாலும் மறுத்தால் 4.

3. கோட்டா

ஒரே நெட்வேர்க் டிரைவை இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒருவருக்கு 1.9 டிபி காலி என்று காட்டுகிறது, மற்றவருக்கு 300 எம்பி. இருவருக்கும் அதே டிஸ்க்தான். ஆளுக்குக் கோட்டா இருந்தால் சாம்பா (பெட்டியின் ஃபோல்டர்களை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருள்) அந்தக் கோட்டாவையே டிஸ்க்கின் அளவாக விண்டோஸுக்குச் சொல்லும். அதனால்தான் எக்ஸ்ப்ளோரர் காட்டும் நீலப் பட்டையை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் பயனருக்கான கோட்டாவையும் பகிர்ந்த ஃபோல்டருக்கான கோட்டாவையும் தனித்தனியே பாருங்கள். ஒன்றைக் கூட்டிவிட்டு மற்றதை மறந்தால் மாற்றம் எதுவும் தெரியாது. வேலையை விட்டுப் போனவரின் ஃபைல்கள் அவர் பெயரிலேயே கிடக்கும். அவற்றைப் புதியவரின் பெயருக்கு மாற்றினால் புதியவரின் கோட்டா ஒரே நாளில் முடிந்துவிடும். மார்ச் முடிந்து புது ஆட்கள் சேரும் காலத்தில் இது அடிக்கடி வரும்.

4. டிஎஃப் கட்டளையை இரண்டு விதமாக ஓட்டுங்கள்

எஸ்எஸ்எச்சில் உள்ளே போய் ‘டிஎஃப் -எச்’ அடியுங்கள். பிறகு ‘டிஎஃப் -ஐ’ அடியுங்கள். முதலாவது எத்தனை ஜிபி காலி என்று சொல்லும். இரண்டாவது எத்தனை ஐநோட் மிச்சம் என்று சொல்லும். ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் விவரத்தைப் பதிய ஒரு ஐநோட் வேண்டும், வெறும் ஃபைலாக இருந்தாலும் சரி. அது தீர்ந்தால் ஜிபி எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதே 28 ஆம் இலக்கப் பிழைதான்.

நான் பார்த்த ஒரு சேர்வரில், அது கடைப் பெட்டியல்ல, லினக்ஸ் போட்டு நாங்களே கட்டியது, டிஎஃப் காட்டியது இப்படி: பெரிய வொல்யூம் (ஃபைல்கள் இருக்கும் டிஸ்க் பகுதி) 3.6 டிபி, பயன்பாடு 47 சதவீதம். சிஸ்டம் பாகம் 4 ஜிபி, பயன்பாடு 61 சதவீதம். எங்கே பார்த்தாலும் நிம்மதி. -ஐ போட்டதும் சிஸ்டம் பாகத்துக்கு நேரே 262144, மிச்சம் 0, 100 சதவீதம். அந்தப் பாகத்தின் ஃபைல்சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் முறை) இஎக்ஸ்டி4. அது வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐநோட் என்ற கணக்கில் ஒதுக்கும், 4 ஜிபிக்கு அவ்வளவுதான் வரும். எச்சரிக்கை மெயில் அனுப்பும் சேவை, அனுப்ப முடியாமல் போன ஒவ்வொரு மெயிலையும் ஒரு குட்டி ஃபைலாக வரிசையில் குவித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்கேனரிலிருந்து வரும் பக்கங்கள் முதலில் அந்தப் பாகத்தில் இறங்கித்தான் பெரிய டிஸ்க்குக்குப் போகும். அதனால் ஸ்கேன் மட்டும் ‘இடமில்லை’ என்றது, மற்ற எல்லாம் ஓடின. எந்த ஃபோல்டர் ஐநோட்டைத் தின்கிறது என்று பார்க்க ‘டியூ’ கட்டளையோடு இரட்டைக் கோடு போட்டு ‘ஐநோட்ஸ்’ என்று சேருங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டம் உள்ள வொல்யூமில் -ஐ போட்டால் எல்லா இடத்திலும் 0 காட்டும். பயப்பட வேண்டாம், அதில் ஐநோட் எண்ணிக்கை முன்கூட்டியே ஒதுக்கப்படுவதில்லை. அதில் வேறு தலையிடி இருக்கிறது: டேட்டாவுக்கு இடம் இருக்கும், மெட்டாடேட்டாவுக்கு (ஃபைல்களைப் பற்றிய விவரங்களுக்கு) இருக்காது. ‘பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்’ என்ற கட்டளை இரண்டையும் பிரித்துக் காட்டும். நீங்களே கட்டிய சேர்வர் என்றால், அரைகுறையாக நிரம்பிய பகுதிகளை ஒன்றுசேர்த்து இடத்தை விடுவிக்கும் ‘பேலன்ஸ்’ கட்டளையை டேட்டா யூசேஜ் 5 சதவீதத்தில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டி ஓட்டலாம். கடைப் பெட்டி என்றால் தயாரிப்பாளரிடம் டிக்கெட் போடுங்கள், கையை வைக்காதீர்கள்.

இரண்டாவது பொறி, இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு (சிஸ்டத்தின் தலைமை நிர்வாகிக்கு) என்று ஒதுக்கி வைக்கும். 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி. மொத்தத்திலிருந்து பயன்பாட்டைக் கழித்தால் இடம் இருப்பதுபோல் தெரியும், சாதாரணப் பயனருக்கோ 0. டேட்டா மட்டும் இருக்கும் வொல்யூமில் ‘டியூன்2எஃப்எஸ்’ கட்டளையால் இதை 1 சதவீதமாகக் குறைக்கலாம். சிஸ்டம் பாகத்தில் குறைக்க வேண்டாம்.

5. அழித்தும் இடம் வரவில்லையா?

முதலாளி வந்து “பழையதை எல்லாம் அழியுங்கோ” என்பார், எல்லோரும் அழிப்பார்கள், பட்டை அசையாது. காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று.

நெட்வேர்க் ரிசைக்கிள் பின். அழித்தது அதே வொல்யூமில் வேறு ஃபோல்டருக்குப் போயிருக்கும். நிர்வாகியாகப் போய்க் காலி செய்ய வேண்டும்.

ஸ்னாப்ஷொட், அதாவது ஒரு நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையின் பதிவு. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்ற இரண்டு ஃபைல்சிஸ்டங்களிலும் ஒரு ஃபைலை ஏதாவது ஒரு ஸ்னாப்ஷொட் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அதன் இடம் திரும்பாது. மிகப் பழையதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். பிடிஆர்எஃப்எஸ் இடத்தைப் பின்னணியில் ஆறுதலாகத்தான் விடுவிக்கும், உடனே பார்த்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று அடுத்ததையும் நீக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்குவது படு மோசம். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வைரஸ்) வந்தால் மீட்க இருப்பவை அவைதான். இசட்எஃப்எஸ் முழுதாக நிரம்பினால் அழிக்கக்கூட விடாமல் அடம்பிடிக்கலாம், ஏனென்றால் அழிப்பதைப் பதியவே அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். அப்போது ஒரு ஸ்னாப்ஷொட்டை நீக்குவது அல்லது ஒரு பெரிய ஃபைலின் அளவை 0 ஆக வெட்டிவிட்டுப் பிறகு அழிப்பது வழி. ஆனால் அந்த ஃபைலை ஸ்னாப்ஷொட் ஒன்றும் பிடித்திருக்கக் கூடாது.

திறந்தே இருக்கும் ஃபைல். பெயர் போய்விடும், ஆனால் ஏதோ ஒரு சேவை அதைத் திறந்து வைத்திருப்பதால் இடம் போகாது. டிஎஃப் நிரம்பியது என்கிறது, ‘டியூ’ கூட்டிப் பார்த்தால் கணக்குக் குறைகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் எல் மட்டும் பெரிய எழுத்து) அடித்தால் குற்றவாளி தெரியும். அந்தச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். என்எஃப்எஸ் (லினக்ஸ் கம்பியூட்டர்கள் ஃபோல்டர் பகிரும் முறை) வழியாக இணைந்தவர்கள் இருந்தால், புள்ளியும் ‘என்எஃப்எஸ்’ என்ற எழுத்துகளுமாகத் தொடங்கும் மறைந்த ஃபைல்களும் இதே வகைதான். திறந்து வைத்திருக்கும் கம்பியூட்டரில் மூடினால் தானே போய்விடும்.

6. கரண்ட் போய் வந்ததா?

கொப்பியில் மின்வெட்டையும் குறித்து வையுங்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுதும் கரண்ட் போனது நினைவிருக்கும். அது ஞாயிறு. யூபிஎஸ் பட்டரி தீர்ந்து பெட்டி அணைந்தாலும் பார்க்க ஆளில்லாத நாள்.

கரண்ட் வந்ததும் பெட்டி எழும்பிவிடும், யூஎஸ்பி பேக்அப் டிஸ்க் சில வேளை எழும்பாது. அது மவுண்ட் ஆக வேண்டிய (வந்து இணைய வேண்டிய) ஃபோல்டர் மட்டும் வெறுமையாகச் சிஸ்டம் டிஸ்க்கில் இருக்கும். இரவு பேக்அப் ஸ்கிரிப்ட் அந்த வெறும் ஃபோல்டருக்குள் எழுதத் தொடங்கும், சிஸ்டம் பாகம் விடியுமுன் நிரம்பிவிடும். காலையில் யாராவது யூஎஸ்பியைக் கழற்றி மாட்டுவார்கள், டிஸ்க் மவுண்ட் ஆகிவிடும், இரவு எழுதிய குப்பை அதன் அடியில் மறைந்துபோகும். இப்போது சிஸ்டம் பாகம் 100 சதவீதம், தேடினால் ஒன்றுமே அகப்படாது. பேக்அப் டிஸ்க்கை முறைப்படி அன்மவுண்ட் செய்துவிட்டு அந்த ஃபோல்டருக்குள் பாருங்கள், உட்கார்ந்திருக்கும். இனி நடக்காமலிருக்க, ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘மவுண்ட்பொயின்ட்’ கட்டளையால் டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டு, இல்லாவிட்டால் நிறுத்தச் செய்யுங்கள்.

இன்னொரு விளைவு: ஃபைல்சிஸ்டத்தில் கோளாறு கண்டால் லினக்ஸ் அதை வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடலாம். சில புரோகிராம்கள் எழுத முடியாத எந்த நிலையையும் ‘டிஸ்க் நிரம்பியது’ என்றே சொல்லும். ‘மவுண்ட்’ கட்டளையின் விடையில் ‘ஆர்ஓ’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு மேல் நோண்டாமல் முதலில் டேட்டாவைப் பிரதியெடுங்கள், பிறகுதான் பரிசோதனை.

7. இடம் கூடிப்போனதால் வரும் ‘இடமில்லை’

நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்டு. பழைய கணக்கு மென்பொருள்கள் சில, காலி இடத்தை 32 பிட் எண்ணில் வைத்துக்கொள்ளும். அந்த எண் 4,294,967,295 வரைதான் எண்ணும், அதற்குப் பிறகு மீண்டும் 0. கழித்தல் குறியோடு எண்ணும் மென்பொருள் என்றால் 2 ஜிபியைத் தாண்டியவுடனேயே எதிர்மறையாகிவிடும். 1.9 டிபி காலி இருக்கும்போது அந்த மென்பொருளின் கண்ணுக்கு அது 12 எம்பியாகத் தெரியலாம், எதிர்மறையாகவும் தெரியலாம். அதனால் இந்தப் பிழை வரும், போகும். யாரோ ஒருவர் ஒரு பெரிய வீடியோவைப் போட்டதும் தானாகச் சரியாகும், மறுநாள் திரும்ப வரும். கொப்பியில் இப்படி ஒரு பாங்கைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

மருந்து, அந்த மென்பொருளுக்கென்று தனியாக ஒரு பகிர்வு. கடைப் பெட்டியில் அந்தப் பகிர்வுக்குக் கோட்டா போட்டு, மென்பொருளின் கண்ணில் காலி இடம் 2 ஜிபிக்குக் கீழே தெரியுமாறு வையுங்கள். நீங்களே கட்டிய சேர்வரில் சாம்பா அமைப்பில் ‘மேக்ஸ் டிஸ்க் சைஸ்’ என்ற வரியில் 1500 என்று கொடுங்கள், அது எம்பி கணக்கு. இது உண்மையான வரம்பல்ல, விண்டோஸுக்குச் சொல்லும் எண்ணை மட்டும் குறைக்கும். எல்லோரும் பாவிக்கும் பொதுப் பகிர்வில் இதைப் போட்டுவிடாதீர்கள். 2 ஜிபி வீடியோவைக் கொப்பி செய்யப் போனவருக்கு எக்ஸ்ப்ளோரர் ‘இடமில்லை’ என்று சொல்லத் தொடங்கும், பழையபடி உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

8. எதிலும் அகப்படாவிட்டால்

கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் பதிவைப் பாருங்கள், ‘டிஎம்இஎஸ்ஜி’ என்று எழுத்துக் கூட்டி அடித்தால் வரும். ‘டைரக்டரி இண்டெக்ஸ் ஃபுல்’ என்று இருந்தால் ஒரே ஃபோல்டரில் அளவுக்கு மீறி ஃபைல்கள் குவிந்திருக்கின்றன, பிரித்துப் போடுங்கள். ஃபோல்டர் ஒத்திசைவுப் புரோகிராம் மட்டும் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’ என்றால் அது ஐநோட்டிஃபை வரம்பாக இருக்கலாம். எத்தனை ஃபோல்டர்களைக் கண்காணிக்கலாம் என்ற எண்ணிக்கை முடிந்தாலும் லினக்ஸ் அதே பிழையைத்தான் கொடுக்கும். பழைய கேர்னல்களில் அந்த வரம்பு 8192.

9. உண்மையாகவே நிரம்பியிருந்தால்

அப்போதுதான் காசு. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இரண்டு மூன்று கடைகளில் எழுத்தில் விலை கேளுங்கள். டிஸ்க் விலை டொலரோடு ஆடும் என்பதால் அந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்றும் கேளுங்கள். 2024 ஜனவரியில் 18 சதவீதமாக்கப்பட்ட வற், சொன்ன விலைக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது முக்கியம். வாயால் சொன்ன விலைக்கும் பற்றுச்சீட்டுக்கும் இடையில் அது முளைக்கும். பற்றுச்சீட்டில் டிஸ்க்கின் தொடர் இலக்கத்தை எழுதச் சொல்லி, உத்தரவாதம் கடையுடையதா தயாரிப்பாளருடையதா என்பதையும் அதிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டை அன்றே படம் எடுங்கள். தெர்மல் தாளில் அடித்த எழுத்து உத்தரவாதக் காலம் முடியுமுன்னே மங்கிவிடும்.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டாவை வைத்திருக்கும் ரெய்ட் 1 பெட்டியில் ஒன்றை மட்டும் பெரிதாக மாற்றினால் இடம் கூடாது. ஒன்றை மாற்றி, அது முழுதாக ஒத்துப்போன பிறகு மற்றதை மாற்றி, பிறகு நிர்வாகப் பக்கத்தில் வொல்யூமை விரிவாக்க வேண்டும். 4 டிபி டிஸ்க் ஒன்று விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஓடினாலும் ஒரு தடவைக்கு ஏழரை மணி நேரம் ஆகும். ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் இழுபடும். போயா விடுமுறைக்கு முதல்நாள் பின்னேரம் தொடங்குவது நல்லது. அதற்கு முன் முழு பேக்அப், நல்ல பட்டரியோடு யூபிஎஸ், அந்தப் பகுதிக்கு அறிவித்த மின்தடை இருக்கிறதா என்ற ஒரு பார்வை.

கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வாடிக்கையாளர்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் சம்பளப் பட்டியல்களும் அதில் இருக்கும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவது இப்படியான தரவுகளைப் பற்றித்தான். உத்தரவாதத்துக்காகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முழுதாக அழித்துக் கொடுங்கள். அழிக்க முடியாத அளவுக்குப் பழுது என்றால், அதில் என்ன தரவு இருந்தது என்று முதலாளியிடம் எழுத்தில் சொல்லி, கொடுப்பதா விடுவதா என்ற முடிவை அவரிடமே வாங்குங்கள்.